எல்லைக்கு முந்திய விமானம்

களியக்காவிளையிலிருந்து வான்வழியே நேர்கோட்டில் அளந்தால் திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். தூத்துக்குடி விமான நிலையம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மதுரை 200-க்குச் சற்றுக் குறைவு. சென்னை 600-க்கும் மேல். இந்நான்கில் மிக அருகில் உள்ளது மட்டுமே வேறு மாநிலத்தில் இருக்கிறது. அதன் காரணத்தை அறிய விமானம் முதலில் வந்த காலத்துக்குச் செல்ல வேண்டும்.

1935 அக்டோபர் 29 அன்று டாட்டா நிறுவனத்தின் ‘ஃபாக்ஸ் மாத்’ விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்திறங்கியது. ஓட்டியவர் நெவில் வின்சென்ட். ஒற்றை எஞ்சின், இரட்டை இறக்கை. பயணிகள் முன்னே மூடிய அறையில் அமர, விமானி பின்னே திறந்தவெளியில் காற்றை எதிர்கொண்டு ஓட்டும் அமைப்பு. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அரசின் அஞ்சலை ஏற்றிக்கொண்டு அது பம்பாய் திரும்பியது. (அந்த அரசின் தபால் துறைக்கு ‘அஞ்சல்’ என்பதே பெயர்.) அன்று நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மன்னரின் கீழ் இருந்த அடுத்தடுத்த தாலுகாக்கள். பாறசாலைக்காரருக்கும் களியக்காவிளைக்காரருக்கும் அது ஒருபோலத் தங்கள் தலைநகரின் விமானம்.

சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, அந்த இரு தாலுகாக்களுக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் தன் கோரிக்கையில் சேர்த்திருந்தது. ஆயினும் ஃபசல் அலி ஆணையத்தின் பரிந்துரைப்படி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழியை முதன்மையாகக் கொண்டு வகுத்த எல்லை அது. தமிழ் பேசுவோர் தமிழ் மாநிலத்தில் சேர்ந்தது நியாயமே. ஆனால் மொழியும் அங்கே அவ்வளவு துல்லியமாகப் பிரியவில்லை. எல்லையின் இருபுறத்திலும் இருமொழி வீடுகள் இன்றும் உண்டு.

இரு மொழிகளிலும் ‘நாழிகை’ காலத்தையும் குறித்தது, தூரத்தையும் குறித்தது. ‘இரண்டு நாழிகை வழி’ என்றால் நடப்பவரின் பொழுதே அளவுகோல். மைல்கல் வந்து அந்த வழக்கத்தை ஒழித்தது. விமானம் அதை மீட்டது எனலாம்: துபாய் எத்தனை கிலோமீட்டர் என்று எவரும் கேட்பதில்லை, எத்தனை மணி நேரம் என்றே கேட்கிறார்கள்.

1991-இல் திருவனந்தபுரம் பன்னாட்டு விமான நிலையமாக உயர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கென ஒரு பயணிகள் விமான நிலையம் இன்றுவரை இல்லை. ஆகவே வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்களின் பெட்டிகளிலும் திருவனந்தபுரத்தின் அடையாளச் சீட்டே ஒட்டப்படுகிறது. வழக்கமான நாட்களில் எல்லை இருப்பதே தெரியாது. பேருந்தின் பெயர்ப்பலகையில் எழுத்து மாறும், அவ்வளவே.

2020 மார்ச்சில் அது தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைச் சாலைகள் அடைக்கப்பட்டன. கடப்பதற்கு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைச் சில மணி நேரத்தில் கடந்து திருவனந்தபுரத்தில் இறங்கிய குமரி மாவட்டத்துக்காரருக்கு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று நீளும் அந்தக் கடைசிச் சாலைக்கு இன்னொரு மாநிலத்தின் அனுமதி தேவைப்பட்டது.