ஜெர்மனியின் மாநிலத் தேர்தல்களும் பெருங்கட்சிகளின் ஏற்ற இறக்கமும்

ஜெர்மனியின் 16 மாநிலங்களும் தத்தம் சட்டமன்றங்களை வெவ்வேறு நாள்களில் தேர்ந்தெடுக்கின்றன. பிரெமனில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மற்ற மாநிலங்களில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையும் தேர்தல் வருவதால், எங்கும் வாக்குப்பதிவே நடக்காத ஆண்டு அரிது. பள்ளிக்கல்வி, காவல்துறை, பண்பாடு ஆகியவை மாநிலங்களின் பொறுப்பு. அதைவிட முக்கியமாக, பூண்டெஸ்ராட் எனப்படும் மேலவையில் அமர்வோர் மாநில அரசுகளின் பிரதிநிதிகளே. அங்குள்ள 69 வாக்குகளில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகைக்கேற்ப மூன்று முதல் ஆறு வரை உண்டு. அவற்றைப் பிரிக்காமல் ஒரே தரப்பில்தான் போட வேண்டும். ஆகவே ஒரு மாநிலத்தில் ஆட்சி மாறினால் சான்சலரின் சட்ட முன்வடிவு தலைநகரில் முடங்கக்கூடும். மாநிலத் தேர்தல் முடிவை மத்திய அரசு மீதான தீர்ப்பாகவே வாசிக்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. அந்த வாசிப்பு இன்று பாதி உண்மையையே சொல்கிறது. கட்சிகளின் நிலையான வாக்கு வங்கி கரைந்துவிட்டதையும், மீதமிருக்கும் வெற்றிகளை மாநிலத் தலைவர்களின் தனிச் செல்வாக்கே பெற்றுத் தருவதையும் அது மறைத்துவிடுகிறது.

பழைய வாசிப்புக்குச் சான்றுகள் வலுவானவை. 1998 செப்டம்பரில் சமூக ஜனநாயகக் கட்சியின் கெர்ஹார்ட் ஷ்ரோடர் பசுமைக் கட்சியின் துணையோடு மத்தியில் வென்றார். ஐந்தே மாதங்களில், 1999 பிப்ரவரியில், ஹெஸ்ஸ மாநிலம் கைநழுவியது. இரட்டைக் குடியுரிமைத் திட்டத்துக்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்திய கிறித்துவ ஜனநாயக ஒன்றியத்தின் ரோலண்ட் கோஹ் அங்கே முதல்வரானார். அதோடு மேலவைப் பெரும்பான்மையும் போனது. குடியுரிமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்துதான் நிறைவேற்ற முடிந்தது. 2005 மே 22 அன்று, 39 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியாவையும் சமூக ஜனநாயகக் கட்சி கிறித்துவ ஜனநாயக ஒன்றியத்திடம் 37.1க்கு 44.8 சதவீதம் என்ற கணக்கில் இழந்தது. வேலையிழந்தோருக்கான உதவியைக் குறைத்த ஷ்ரோடரின் சீர்திருத்தங்கள்மேல் தொழிலாளர்களுக்கு இருந்த கோபம் அதில் தெரிந்தது. அன்று மாலையே முன்கூட்டிய நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அந்த ஒன்றியத்தின் அங்கேலா மெர்கல் சான்சலரானார்.

ஆனால் 2022இன் முடிவுகளை இந்த வாசிப்பால் விளக்க முடியாது. அந்த மார்ச்சில் சார்லாந்தில் சமூக ஜனநாயகக் கட்சி அன்கே ரேலிங்கர் தலைமையில் 43.5 சதவீதம் பெற்றுத் தனிப்பெரும்பான்மை கண்டது. ஆறு வாரம் கழித்து ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் அதே கட்சி 16 சதவீதத்துக்குச் சரிந்தது. டேனியல் குந்தரின் கிறித்துவ ஜனநாயக ஒன்றியம் 43.4 சதவீதம் பெற்றது. இரு முறையும் மத்தியில் இருந்தது சமூக ஜனநாயகக் கட்சியின் ஓலாஃப் ஷோல்ஸ் தலைமையிலான அதே அரசு. இரண்டில் எதை அந்த அரசின் மீதான தீர்ப்பாகக் கொள்வது? பாடன்-வூர்ட்டம்பர்க்கை 58 ஆண்டுகள் ஆண்ட கிறித்துவ ஜனநாயக ஒன்றியம், ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து சில நாள்களிலேயே, 2011 மார்ச்சில் ஆட்சியை இழந்தது. அதைத் தேசிய அலை என்று சொல்லலாம். அந்த அலை ஓய்ந்த பிறகும், 2011இல் அங்கே முதல்வரான பசுமைக் கட்சியின் வின்ஃப்ரீட் கிரெட்ஷ்மன் 2016இல் 30.3, 2021இல் 32.6 சதவீதம் எடுத்தாரே, அதற்கு அலை காரணமில்லை. நாடு முழுவதும் அவருடைய கட்சி 2017இல் பெற்றது வெறும் 8.9 சதவீதம்.

தலைவர்களின் தனிச் செல்வாக்கே வெற்றி தருகிறது என்ற இந்த வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. பதவியும் புகழும் ஒருவரைக் காப்பாற்றுமானால், மக்களிடம் நல்ல பெயர் பெற்றிருந்த தூரிங்கியா முதல்வர் போடோ ரமலோவ் 2024இல் தோற்றது ஏன் என்பது முதலாவது. அவருடைய இடதுசாரிக் கட்சி 31 சதவீதத்திலிருந்து 13.1க்கு விழுந்தது. இது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. அக்கட்சியிலிருந்து பிரிந்த சாரா வாகன்க்னெஹ்ட் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவிய புதுக்கட்சி 15.8 சதவீதத்தை அள்ளிச் சென்றதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அலைபாயும் வாக்குகளை ஒரு தலைவரால் திரட்ட முடியும். அடியில் பிளந்துபோன கட்சியை அவரால் ஒட்டவைக்க முடியாது. ஆகவே என் வாதத்தின் எல்லையும் அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு பிராண்டன்பர்க்கிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் தீவிர வலதுசாரிக் கட்சியான ‘ஜெர்மனிக்கான மாற்று’ முதலிடம் பிடித்தால் பதவி விலகுவேன் என்று முதல்வர் டீட்மார் வொய்ட்கே அறிவித்தார். சமூக ஜனநாயகக் கட்சி 30.9க்கு 29.2 என்று தப்பியது. பெருங்கட்சி மீண்டெழ முடியும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த வாக்குகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் நம்பிக்கை மங்கிவிடும். பசுமைக் கட்சியும் இடதுசாரிக் கட்சியும் சட்டமன்றத்தைவிட்டே வெளியேறின. கிறித்துவ ஜனநாயக ஒன்றியம் 12.1 சதவீதத்துக்கு இறங்கியது. கூட்டணி அமைக்கக்கூடிய தோழமைக் கட்சிகளின் செலவில் கிடைத்த வெற்றி இது. ஐந்து மாதம் கழித்து நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாநிலத்தில் சமூக ஜனநாயகக் கட்சி அந்த வாக்கு விகிதத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. வொய்ட்கேவுக்கு வாக்களித்தவர்கள் கட்சிக்கு வாக்களித்தவர்களாக மாறவில்லை.

ஆழ வேரூன்றிய கட்சிகளுக்கும் இதே கதிதான். பவேரியாவில் கிறித்துவ சமூக ஒன்றியம் 2003இல் 60.7 சதவீதம் பெற்றது, 2023இல் 37. நாடு தழுவிய கணக்கில் 1976இல் இரு பெரும் அணிகளான கிறித்துவ ஒன்றியக் கட்சிகளும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து 91 சதவீத வாக்குகளைப் பிடித்தன. 2025இல் அவை 45 சதவீதத்தை ஒட்டியே நின்றன. விளைவை மாநிலங்களே முதலில் அனுபவிக்கின்றன. கொள்கையில் ஒட்டாத கட்சிகள் சேர்ந்து ஆளும் மாநிலம், உடன்பாடு எட்டாதபோது மேலவையில் வாக்களிக்காமல் ஒதுங்குகிறது. அங்கே முடிவெடுக்க மொத்த வாக்குகளில் பெரும்பான்மை வேண்டும் என்பதால், ஒதுங்குவதும் எதிர்ப்பதும் ஒன்றே. தூரிங்கியாவில் 2024 டிசம்பரில் அமைந்த மூன்று கட்சி அரசுக்கு 88 இடங்களில் சரியாக 44 மட்டுமே, பெரும்பான்மை இல்லை. எதிரே முதன்முறையாக ஒரு மாநிலத்தில் முதலிடம் பிடித்த ‘ஜெர்மனிக்கான மாற்று’ 32 இடங்களோடு அமர்ந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேலான அந்த எண்ணிக்கை இருக்கும்வரை, அக்கட்சி சம்மதிக்காமல் அங்கே மாநில அரசியலமைப்பைத் திருத்த முடியாது.