மூன்று பெயர்களில் ஒரு வண்ணத்துப்பூச்சி

கறிவேப்பிலையோ தேசியோ நிற்காத வளவு எமது ஊர்களில் அரிது. அந்த மரங்களின் கொழுந்தில் முட்டையாய் இருந்து, பறவை எச்சம் போலத் தோன்றும் புழுவாகி, பின் பச்சைப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி வெளியே வரும் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதன் பெயர் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் ‘வண்ணத்துப்பூச்சி’ என்பதற்கு மேல் சொல்ல எம்மிடம் சொல் இருப்பதில்லை. ஐரோப்பியரிடம் அந்தக் குறை இருக்கவில்லை. அவர்கள் இந்த ஒரு பூச்சிக்கு மூன்று பெயர்களை வைத்திருந்தார்கள். மூன்றும் ஒன்றே என்று நிறுவப்பட நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1758இல் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டி வெளியிட்ட நூற்பதிப்பில், பெரிய அழகிய வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்குத் திரோய் யுத்தத்து வீரர்களின் பெயர்களை வழங்கினார். கறுப்புச் சிறகில் செஞ்சிவப்புப் புள்ளிகள் கொண்டது ஹெக்டர். பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாய் ஓடுவது பம்மோன். வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும் கொண்டது பொலித்தெஸ். கிரேக்கக் கதையில் மூவரும் பிரியாம் மன்னனின் புதல்வர்கள், ஆகவே சகோதரர்கள். பின்னர் 1770களில் ஒல்லாந்தரான பீற்றர் கிராமர், ஹெக்டரைப் போன்ற சிறகுள்ள இன்னொன்றுக்கு ரோமுலஸ் என்று பெயரிட்டார். திரோய் எரிந்தபின் அகதியாய்ப் புறப்பட்ட ஈனியாஸின் வழித்தோன்றல் என்று உரோமர் சொல்லும் அதே ரோமுலஸ்.

இந்தப் பெயர்களைச் சூட்டியவர்களின் முன்னால் இருந்தவை கப்பலில் வந்த, ஊசியில் குத்திய உடல்கள். அவை எந்த மரத்தில் வளர்ந்தன, எதனோடு எது கூடியது என்பதைப் பலகையில் விரித்த சிறகு சொல்லாது. சிறகு வேறானால் இனமும் வேறு என்று கொள்வதைத் தவிர அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டுகள் அலைந்து திரும்பிய அல்பிரட் றசல் வலஸ், 1865இல் அச்சான தமது கட்டுரையில் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். பம்மோன் ஆண். பொலித்தெஸும் ரோமுலஸும் அதன் பெண்கள். ஆணைப் போலவே தோற்றம் கொண்ட பெண்களும் உண்டு. லின்னேயஸ் சகோதரராக்கி வைத்தவர்கள் உண்மையில் கணவனும் மனைவியும். இன்று விஞ்ஞானப் பெயர் பொலித்தெஸ் என்பதே. ஆங்கிலத்தில் கொமன் மோர்மன் என்பார்கள். ஓர் ஆணுக்குப் பல தோற்றத்தில் மனைவியர் இருப்பதால், பலதார மணத்துக்குப் பேர்போன மோர்மன் சமயத்தாரை நினைத்து வைத்த பெயர் என்று சொல்வார்கள்.

பெண்களுக்கு ஏன் இந்த வேடம்? ஹெக்டரின் புழு ஆடுதின்னாப்பாளை இனத்துக் கொடிகளைத் தின்று வளர்வது. அக்கொடியின் நஞ்சு உடம்பில் ஊறுவதால் பறவைகள் ஹெக்டரைத் தவிர்க்கும். ரோமுலஸ் வடிவப் பெண் கறிவேப்பிலையும் தேசியிலையும் தின்று வளர்ந்தது. அதன் உடம்பில் அந்த நஞ்சு இல்லை. ஆனால் ஹெக்டரின் சிறகைப் போட்டுக்கொண்டு பறப்பதால் பல வேளைகளில் தப்பிவிடுகிறது. பொலித்தெஸ் வடிவம், ஹெக்டருக்கு உறவான இன்னொரு நச்சுப் பூச்சியின் சாயல். உயிர் பிழைக்க இன்னொருவரின் தோற்றத்தை அணிவது எமக்குப் புதிய செய்தியல்ல. 1983 யூலையில் பொட்டை அழித்து, தோட்டைக் கழற்றித் தப்பியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

வலஸின் முடிவை முட்டையிலிருந்தே வளர்த்துச் சோதித்தது இலங்கையில்தான். பனற் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இலங்கை வண்ணத்துப்பூச்சிகளின் போலித் தோற்றம் பற்றி, கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையில் 1910இல் எழுதினார். அவரை அடுத்து ஜே. சி. எஃப். ஃபிரையர் என்பவர் இலங்கையிலேயே இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மகள் என்று வம்சக் கணக்கு எழுதினார். அது 1914இல் லண்டன் றோயல் சொசைற்றியின் வெளியீட்டில் வந்தது. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வேறு வேறு தோற்றத்துப் பெண்கள் வருவதையும், ஆண்கள் அந்த வேடத்தின் விதையைத் தாம் அணியாமலே மகள்மாருக்குக் கடத்துவதையும் அவர் கண்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2014இல், பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக குந்தேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் அந்த விதை எதுவென்று கண்டார்கள். பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் ‘டபிள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணுவே இந்தச் சிறகையும் வரைகிறது.

இத்தனை பேர் தலையை உடைத்த இந்த விடயத்தில், பக்கத்தில் போய்ப் பார்ப்பவருக்கு அடையாளம் எளிது. சிறகை விட்டு உடம்பைப் பார்க்க வேண்டும். ஹெக்டரின் தலையிலும் உடம்பிலும் சிவப்பு இருக்கும். ரோமுலஸின் உடம்பு கறுப்பு. வேடம் சிறகோடு நின்றுவிடுகிறது.

ஆனால் இந்தச் சிவப்பைப் புகைப்படக்கருவி நெடுங்காலம் காணவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படத்தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்பும் கறுப்பாகவே விழும். அக்காலத்தில் ஹெக்டரையும் ரோமுலஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தால், இரண்டும் கருநிற உடம்போடுதான் வந்திருக்கும். ஆகையால் இலங்கைப் பூச்சிகளின் நிறம் எமக்கு ஓவியர்களின் கைவழியே வந்தது. பேராதனைப் பூங்காவின் ஓவியர் ஹர்மானிஸ் த அல்விஸும் அவருடைய புதல்வர்கள் வில்லியமும் ஜோர்ஜும், பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸின் கீழ் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் அவற்றின் புழுக்களையும் வரைந்தார்கள். அந்த ஓவியங்களைத் துணையாகக் கொண்டு பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை லண்டனில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். நூலின் முகப்பில் நிற்பது மூரின் பெயர். புழுவை இலையோடு சேர்த்து அருகிருந்து பார்த்தவர்கள் அல்விஸ் குடும்பத்தினர்.

1930களின் நடுவில் கொடாக்குறோம் என்ற வண்ணப் படச்சுருள் வந்தபின் கமராவும் சிவப்பைச் சிவப்பாய்க் காட்டத் தொடங்கியது. அந்தச் சுருளின் உற்பத்தி 2009இல் நின்றுபோயிற்று. இன்று கைத்தொலைபேசியே போதும் என்ற அளவுக்கு வசதி வந்துவிட்டது. ஆனாலும் பூச்சி மாறவில்லை. இந்த இனம் பூவில் தேன் குடிக்கும்போதும் சிறகை அடித்துக்கொண்டே இருக்கும். ஆதலால் ஒரு செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ திறக்கும் வேகம் வேண்டும். காலை வெயிலில் சிறகை விரித்துக் குளிர்காயும் வேளை நல்லது. எமது நிழல் அதன்மேல் விழாமல், பதிந்து, ஆறுதலாக நெருங்க வேண்டும். மேலிருந்து எடுத்த படம் சிறகை மட்டுமே தரும். உடம்பு தெரியப் பக்கத்திலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். பறப்பும் ஒரு சான்று: சும்மா திரியும்போது ஹெக்டரைப் போல மெதுவாகப் பறக்கும் ரோமுலஸ், கலைத்துவிட்டால் வேடத்தை மறந்து விரைந்துவிடும்.

எமது பக்கத்தில் இப்படிப் பார்க்க முடியாமற்போன ஆண்டுகள் பல. 1990களில் வடக்கிற்குப் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருள். மிதிவெடி கிடந்த பற்றைக்குள் வண்ணத்துப்பூச்சியின் பின்னால் எவரும் போகவில்லை. போர் 2009இல் முடிந்தது. இப்போது ஒவ்வொரு விடுமுறைக்கும் எம்மவர் பலர் ஊருக்குப் போய் வருகிறார்கள். வீட்டையும் கிணற்றையும் கோயிலையும் படமெடுத்து வருகிறார்கள். கிணற்றடியில் நிற்கும் தேசியையும் சற்றுக் குனிந்து பார்க்கலாம். பழைய சேகரிப்புகளில் பல மாதிரிகளோடு கிடக்கும் சீட்டில் ‘சிலோன்’ என்ற ஒரே சொல்தான் உண்டு. எந்த ஊர், எந்த மாதம், எந்தச் செடி என்று இனி எவராலும் சொல்ல முடியாது. நாம் எடுக்கும் படத்தோடு நாளையும் ஊரின் பெயரையும் பூச்சி இருந்த மரத்தின் பெயரையும் தமிழிலேயே எழுதி வைத்தால், அது ஒரு வரலாற்றுக் குறிப்பாகும். பூச்சிக்கு எமது ஊரில் ஒரு பெயர் வழங்கியதாக ஆச்சிமார் யாரேனும் சொன்னால், அதையும் சேர்த்து எழுதுங்கள்.