அண்ணாமலை

திருவண்ணாமலை நகரை ஒட்டி, சமவெளியில் தனித்து எழும் பாறை மலை. உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 814 மீட்டர். அருணாசலம், சோணகிரி என்றும் வழங்கும். அடிவாரத்தில் அண்ணாமலையார் கோயில் உள்ளது. ஆனால் இவ்வூரில் மலையே லிங்கம் என்பதால், பௌர்ணமிதோறும் மக்கள் வலம் வருவது மலையைத்தான். கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர்.

அடிமுடி காணாத நெருப்புத் தூணாக நின்ற சிவன் மலையாகக் குளிர்ந்தார் என்பது தலபுராணம். அதைப் பிடித்துக்கொண்டு இதை அணைந்த எரிமலை என்பாரும் உண்டு. பாறை அப்படிச் சொல்லவில்லை. ஊரார் கருங்கல் என்று சொல்லும் இதைப் புவியியலார் சார்னோக்கைட் வகையில் சேர்ப்பர். சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லுக்கு உறவு. எரிமலைக் குழம்பு வெளியே வந்து உறைந்ததன்று, நிலத்தின் அடியாழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. வட தமிழகத்தில் இவ்வகைப் பாறைகளின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். மேலே மூடியிருந்தவை தேய்ந்துபோக, கெட்டியான பகுதி மலையாக எஞ்சியது. வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் பாறையின் முனைகளை அரித்து மழுக்குகிறது; சரிவெங்கும் உருண்டைக் கற்கள் கிடப்பது அதனால்தான்.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் இத்தலத்தைப் பாடினர். 1896 செப்டம்பர் 1 அன்று ஊருக்கு வந்த ரமண மகரிஷி, 1898இல் மலையின் கிழக்குக் கிளையான பவழக்குன்றில் தங்கியிருந்தபோது, தாயார் அழகம்மாள் வந்து வீடு திரும்பும்படி மன்றாடினார். மகன் அசையவில்லை. 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை, பின்பு 1922 வரை கந்தாசிரமம் என மலைமேலேயே வாழ்ந்தார்.

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு உச்சியில் செப்புக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படும். அந்த உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. ஆயிரக்கணக்கான கிலோ நெய் தலைச்சுமையாகவே மேலேறும்.

மேய்ச்சலாலும் விறகுவெட்டாலும் காட்டுத்தீயாலும் மொட்டையாகிக் கிடந்த சரிவுகளில், 1980களின் இறுதி முதல் தன்னார்வலர்கள் மரம் நட்டு வருகின்றனர். அடிவாரத்திலோ வீடுகள் சரிவை நோக்கி ஏறிக்கொண்டே போயின. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டைப் புதைத்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தனர். வல்லுநர் ஆய்வுக்குப் பின், டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. நெய்யும் திரியும் சுமந்தோரும் தீபப் பணியாளர்களுமே ஏறினர்.