தீயும் தண்ணீரும்

எங்கள் வீட்டில் சண்டை என்று வந்தால் பெரும்பாலும் சாம்பாரில் உப்பைப் பற்றி வரும். இல்லாவிட்டால் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி வரும். சென்ற கோடை விடுமுறையில் ஒரு சினிமாவைப் பற்றி வந்தது. அதுவும் ஒரு பொம்மைப் படத்தைப் பற்றி!

கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் என் மகள், நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து தன் சிநேகிதிகள் இருவரைக் குறிஞ்சிப்பாடிக்கு அழைத்து வந்திருந்தாள். முந்திரித் தோப்புப் பக்கமிருந்து அனல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே தலை காட்ட முடியவில்லை. மூவரும் கூடத்தில் உட்கார்ந்து 'பெர்செபோலிஸ்' என்ற படத்தைப் போட்டார்கள். ஊஞ்சலில் என் அத்தை படுத்திருந்தாள். எழுபத்தைந்து வயது. பொம்மைப் படம்தானே என்று அவளும் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். படம் முடிந்தபோது கூடம் நாலு கட்சியாகப் பிரிந்திருந்தது.

அந்தப் படத்தை வரைந்து இயக்கியவர்களில் ஒருவர் மர்ஜான் சத்ரபி என்ற ஈரானியப் பெண்மணி. இன்னொருவர் வின்சென்ட் பரோனோ. 2007-ல் வெளிவந்தது. பெரும்பகுதியும் கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான். 1979-ம் ஆண்டுப் புரட்சியின்போது சிறுமியாக இருந்தவள், யுத்தத்துக்குப் பயந்த பெற்றோரால் வியன்னாவுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே வளர்கிறாள், காதலித்து ஏமாறுகிறாள், தெருவில் படுக்கிறாள், ஊர் திரும்புகிறாள், கல்யாணம் செய்துகொண்டு அதிலிருந்தும் விடுபடுகிறாள். சத்ரபியின் சொந்தக் கதை அது. ஒரு பெண் பெரியவளாவதைப் பொம்மையாக வரைந்து பெரியவர்களுக்குக் காட்டுகிற படம்.

அதிலே ஒரு கட்டம். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு தெருவில் நிற்கிறாள் அந்தப் பெண். காவலர்கள் வருகிறார்கள். பிடிபடாமல் தப்புவதற்காக, ஒன்றும் அறியாத ஒரு மனிதனைக் காட்டி, "இவன் என்னிடம் அசிங்கமாகப் பேசினான்" என்று சொல்லிவிடுகிறாள். அவனை இழுத்துப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் இதை வேடிக்கையாகச் சொல்கிறாள். பாட்டி சிரிக்கவில்லை. பேத்தியைக் கிழி கிழி என்று கிழித்துவிடுகிறாள்.

"பயத்தில் செய்தாள், பாவம்" என்றாள் ஒரு சிநேகிதி. "இதையெல்லாம் பொம்மையாக வரைய வேண்டுமா? குழந்தைகள் பார்த்தால்?" என்றாள் மற்றவள். என் மகளோ படத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றக் கூடாது என்றாள். அத்தைதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கிழவி கேட்டாளே, அதுதாண்டி கேள்வி. இந்தச் சண்டையை நாங்க அறுபத்தாறுலயே போட்டாச்சு, போங்கடி."

சொல்லிவிட்டுப் பரண் மேலிருந்து ஒரு பழைய பைண்டு புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னாள்.

நம் ஊர்ப்பக்கம் அபிப்பிராய பேதத்துக்குப் பெயர் போனது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்து வடலூரில் சத்திய ஞான சபை கண்ட வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எழுப்பிய சர்ச்சை, 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையில் போயிற்று. அதே மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்தவர் ஜெயகாந்தன். அத்தையின் பைண்டு புத்தகத்தில் இருந்தது அவருடைய 'அக்னிப் பிரவேசம்'. 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மழை பெய்யும் ஒரு மாலை. பஸ்ஸுக்கு நிற்கிறாள் ஒரு கல்லூரிப் பெண். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. ஏறிக்கொள்கிறாள். உலகம் தெரியாத வயது. திரும்பி வரும்போது அவள் பழைய பெண்ணாக வரவில்லை. அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா முதலில் துடிக்கிறாள், அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, 'நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே' என்கிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டில் பெரிய நெருப்பை மூட்டிவிட்டது. வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஒழுக்கம் பாழாகிவிட்டது என்றது ஓர் அணி. இப்படி ஒரு தாய் வாய்க்க வேண்டுமே என்றது இன்னோர் அணி. கதைக்கு வேறு முடிவு எழுதிக் காட்டியவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் என் பாட்டி அந்த வாரத்துப் பத்திரிகையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாளாம். அப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருந்த அத்தை எதிர்வீட்டில் போய்ப் படித்தாளாம்.

பெயரைக் கவனியுங்கள். அக்கினிப் பிரவேசம் செய்தவள் சீதை. சந்தேகித்தவன் புருஷன், சாட்சி நெருப்பு, பார்த்தது ஊர். ஜெயகாந்தன் நெருப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தார். புருஷன் இருந்த இடத்தில் தாயை வைத்தார். ஊரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

இதற்கு இருபத்து மூன்று வருஷங்களுக்கு முன்பே, 1943-ல், புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார். அவரும் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்தான். ராமன் பாதம் பட்டுக் கல் பெண்ணானாள் அகலிகை. பின்னால், அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்டபோது, மறுபடியும் கல்லாகிப் போனாள். தனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா என்ற கேள்வி அவளைக் கல்லாக்கிற்று. ஒரே ஜில்லாவில் பிறந்த இருவர், ஒரே பழைய நெருப்பைப் பார்த்துக் கதை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கல்லில் முடித்தார்; ஒருவர் தண்ணீரில் முடித்தார்.

ஜெயகாந்தன் அதோடு விடவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல், கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாமே கேட்டுக்கொண்டார். அதுதான் 1970-ல் புத்தகமாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்.' அதில் கங்காவின் அம்மா ஊர் அறியக் கதறிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். கங்கா படித்து உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஒரு கறையோடு வாழ்கிறாள். நாவலுக்குள்ளே ஓர் எழுத்தாளர் வருகிறார். அவர் எழுதி 'அக்னிப் பிரவேசம்' என்ற கதை பத்திரிகையில் வெளிவருகிறது. கங்காவே அதைப் படிக்கிறாள்! தண்ணீர் கிடைக்காதவள், தண்ணீர் கிடைத்தவளின் கதையைப் படிக்கிறாள். தம்மோடு சண்டை போட்ட வாசகர்களுக்கு ஓர் ஆசிரியர் இதைவிட நல்ல பதில் சொல்லியிருக்க முடியாது. அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

அப்புறம் அது சினிமாவாயிற்று. 'பாசமலர்' எடுத்துத் தமிழ்நாட்டையே அழ வைத்த ஏ. பீம்சிங்தான் இதையும் எடுத்தார். திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனே எழுதினார். 1977-ல் வந்த அந்தப் படத்தில் கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் படம் ஒன்றுக்காக அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. கல்யாணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகிவிட்ட அத்தை, கடலூருக்குப் போய் அதைப் பார்த்தாள். வரும்போது பஸ்ஸில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லையாம். "ஒங்க மாமாவுக்குக் கங்காமேல கோவம். எனக்குக் கங்கா அம்மாமேல கோவம். குறிஞ்சிப்பாடி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தோம்" என்றாள்.

'பெர்செபோலிஸ்' பட்ட பாடும் இதற்குக் குறைந்ததல்ல. 2007-ல் கான் திரைப்பட விழாவில் அதற்கு நடுவர் பரிசு கொடுத்தார்கள். ஈரான் அரசுத் தரப்பில் ஆட்சேபித்தார்கள். பாங்காக் விழாவில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். லெபனானில் 2008-ல் தடுத்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அனுமதித்தார்கள். 2011-ல் துனீசியாவில் ஒரு தொலைக்காட்சி நிலையம் அதை ஒளிபரப்பியது. கடவுளை உருவமாக வரைந்திருக்கிறதென்று கூட்டம் திரண்டு நிலையத்தைத் தாக்கிற்று. அடுத்த வருஷம் நீதிமன்றம் நிலையத்தின் சொந்தக்காரருக்கு 2,400 தினார் அபராதம் விதித்தது. கோடு போட்ட பொம்மைக்கு இத்தனை பலமா என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மை அச்சில் வந்த ஒரு தாய் ஒரு செம்பைத் தூக்கியதற்கே நாம் என்ன பாடுபட்டோம்!

இரண்டு இடத்திலும் ஜனங்கள் ஏன் இப்படிப் பிரிகிறார்கள்? யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இரண்டு கதையிலும் தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில் ஒரு வீட்டுப் பெண்தான் இருக்கிறாள். ஈரானியப் பாட்டிக்குப் பேத்தியின் உதட்டுச் சாயம் குற்றமல்ல. அடுத்தவனைக் காட்டிக்கொடுத்ததுதான் குற்றம். நம் தாய்க்கு மகள் பட்டது குற்றமல்ல. அது வெளியே தெரிவதுதான் ஆபத்து. கதையைப் படிக்கிற ஒவ்வொருவரும், படத்தைப் பார்க்கிற ஒவ்வொருவரும், அந்த நாற்காலியில் தாம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். தம் வீட்டுப் பெண் வந்து நின்றால் என்ன சொல்லியிருப்போம் என்று உள்ளுக்குள் ஒரு பதில் வருகிறது. அந்தப் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கோபம் கதைமேல் பாய்கிறது.

இதை நான் கொஞ்சம் பெருமையாகவே கூடத்தில் சொன்னேன். என் மகள் விடவில்லை.

"எல்லாரும் அம்மா சொன்னது சரியா, பாட்டி சொன்னது சரியான்னே கேக்கறீங்கப்பா. அந்தப் பொண்ணு என்ன நினைச்சாள்னு யாரு கேட்டா?"

நியாயமான கேள்வி. அகலிகை மறுபடியும் கல்லானாள். மழையில் நனைந்த பெண்ணுக்காக அம்மா பேசி முடித்தாள். கங்காவுக்குத்தான் ஜெயகாந்தன் வாயைக் கொடுத்தார். நாவலின் பெரும்பகுதியை அவளே நமக்குச் சொல்கிறாள். சத்ரபியோ பென்சிலையே தம் கையில் வைத்துக்கொண்டார். தாம் செய்த தப்பையும் தாமே வரைந்தார்.

சிநேகிதிகள் சாயந்திர ரயிலுக்குப் போன பிறகு, அத்தை பைண்டு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதிர்வீட்டுல போய்ப் படிச்சேன்னு சொன்னேனே, அங்க எனக்கு ஒருத்தி சிநேகிதி. அந்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லலை, நாங்களும் கேக்கலை. இந்தக் கதையை அவ திரும்பத் திரும்பப் படிச்சா. எனக்கு அப்ப ஒண்ணும் புரியலை."

"இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"போய் ரொம்ப நாளாச்சு" என்றாள் அத்தை. சற்று நேரம் கழித்து, "கேட்டிருக்கலாம்" என்றாள்.

புத்தகத்தைப் பரண்மேல் வைக்க நான் கையை நீட்டினேன். அத்தை கொடுக்கவில்லை. என் மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தாள்.