கான்கிரீட்டுக்குக் கட்சி உண்டா?

போன ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து வந்த நண்பனை மாண்ட்ரியல் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தண்ணிக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறத் தீப்பெட்டிகளைக் கன்னாபின்னான்னு அடுக்கி வச்ச மாதிரி ஒரு கட்டடம். "என்னடா இது, ஹவுசிங் போர்டா?"ன்னான். சிரிச்சுட்டேன். ராத்திரி யோசிச்சப்போ அவன் சொன்னது பாதி சரின்னு பட்டது.

அது ஹாபிடாட் 67. 1967ல் இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது எழுதிய ஆய்வேட்டில் பிறந்த யோசனை. கட்டி முடிக்கும்போது அவருக்கு முப்பது வயசு ஆகலை. (எனக்கு ஆய்வேட்டுத் தலைப்பே இன்னும் முடிவாகலை, அதை விடுங்க :-))

354 கான்கிரீட் பெட்டிகளை அங்கேயே வார்த்து, கிரேனால் தூக்கி அடுக்கினார்கள். கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்குத் தோட்டம். நம்ம மொட்டை மாடியை ஆளுக்கொண்ணாப் பிரிச்சுக் கொடுத்த மாதிரி. நகர நெரிசலில் வாழும் சாதாரணக் குடும்பத்துக்கும் வெளிச்சம், காத்து, நாலு செடி வேணும் என்பதுதான் அதன் அரசியல்.

இந்த வகைக் கட்டடங்களை ப்ரூட்டலிசம்னு சொல்றாங்க. பேரைக் கேட்டா ஏதோ கொடூரம்னு தோணும். பிரெஞ்சில் 'பேத்தோன் ப்ரூத்' என்றால் பூச்சு இல்லாத கான்கிரீட், அவ்வளவுதான். லெ கொர்புசியே மார்செய்யிலும், பிறகு நம்ம சண்டிகரிலும் கட்டியது இதில்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த மக்கள்நல அரசுகளுக்கு இது பிடிச்சுப் போனது. பளிங்கு இல்லை, அலங்காரம் இல்லை, மறைக்க ஒண்ணுமில்லை. அதனால் பலர் இதை 'சோசலிசக் கட்டடக்கலை'ன்னு முத்திரை குத்திடறாங்க.

மாண்ட்ரியலைப் பார்த்தா அந்த முத்திரை ஒட்டாது. 1976 ஒலிம்பிக்ஸுக்கு இதே ஊரில் இதே கான்கிரீட்டில் ஒரு அரங்கம் எழுந்தது. மேயர் ழான் த்ராப்போ சோசலிஸ்ட் இல்லை. ஊர் பெருமைக்காகக் கட்டினவர். ஆம்பளைக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்கும், ஒலிம்பிக்ஸில் நஷ்டம் வராதுங்கிற ரேஞ்சுல பேசினார். போட்டி முடிஞ்சப்போ கோபுரமே பாதியில் நின்னது. கடன் அடைஞ்சது 2006ல். அதுக்கு உதவினது சிகரெட் வரி. அரங்கத்தோட செல்லப்பேர் 'பிக் ஓ'. ஆங்கிலத்தில் கடன்படுறதுக்கும் அதே உச்சரிப்புதானே, ஊரே கிண்டலடிச்சது.

சரி, ஹாபிடாட் என்னாச்சு? ஆயிரத்துக்கும் மேல வீடுகள், கடை, பள்ளிக்கூடம்னு போட்ட திட்டம் 158 வீட்டோட சுருங்கியது. அரசுக்குச் செலவு கட்டுப்படியாகலை. 1985ல் மத்திய அரசு நிறுவனம் அதைக் குடியிருந்தவர்களின் கூட்டமைப்புக்கே விற்றது. இன்னிக்கு அங்கே வசதியானவங்கதான் வீடு வாங்க முடியும். கான்கிரீட் மாறலை, உள்ளே இருக்கறவங்க மாறிட்டாங்க.

இந்த இடத்துல எங்க பாட்டி ஞாபகம் வந்தது. ஹாபிடாட் திறந்த அதே 1967ல்தான் அண்ணா ஆட்சிக்கு வந்தார். 1970ல் கருணாநிதி ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது. கூவம் கரையில் பாட்டியோட கீத்துக் குடிசை ரெண்டு தடவை எரிஞ்சிருக்கு. குடிசை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வாரிய வீடு கிடைச்ச அன்னிக்கு, சுவத்தைத் தட்டிப் பார்த்து "இது எரியாதில்ல?"ன்னு கேட்டாங்களாம். கட்டடக்கலைப் புத்தகத்தில் அந்த வீட்டுக்கு இடமில்லை. ஆனா கான்கிரீட் பத்தி நான் கேட்டதிலேயே பெரிய பாராட்டு அதுதான்.

அதே வாரியம் 2000க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு நகரத்துக்கு வெளியே மாடி மாடியா அடுக்கியது. குடும்பங்களை அங்கே அனுப்பினாங்க. வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே இருந்தது. சுவரைப் பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால இனி யாராவது ஒரு கட்டடத்தைக் காட்டி இது இடதா வலதான்னு கேட்டா, சுவரைப் பார்க்கப் போறதில்லை. யாருக்குன்னு சொல்லிக் கட்டினாங்க, இப்போ யார் இருக்காங்கன்னு கேட்கப் போறேன்.

நண்பன் ஊருக்குப் போயிட்டான். அவனோட 'ஹவுசிங் போர்டு' மட்டும் மனசுலேயே நிக்குது. உங்க ஊர்லயும் இப்படி ஒரு சாம்பல் கட்டடம் இருக்குமே? அதோட கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.