பள்ளிச் சான்றிதழ் வேண்டுமா? முதலில் நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொள்!

1/
கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு பிள்ளை ஹைஸ்கூல் முடிச்சு வெளியே வரணும்னா கணக்கு, ஆங்கிலம், வரலாறு மட்டும் பத்தாது. தரையில் படுத்திருக்கும் ஒரு பொம்மையின் நெஞ்சை ரெண்டு கையாலும் அழுத்திப் பழகியிருக்கணும். அதாவது சிபிஆர். சுமார் 40 மாநிலங்கள் இதைப் பள்ளியில் கட்டாயமாக்கிவிட்டன.

டாக்டர்கள் கையில் இருந்த வித்தை பள்ளிக்கூட வகுப்புக்கு எப்படி வந்தது? அந்தக் கதையில் எங்க தொழிலுக்குக் கொஞ்சம் சங்கடமான பகுதியும் இருக்கு. அதையும் மறைக்காமச் சொல்றேன்.

2/
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம்.

மாரடைப்பு வேற, இதயம் திடீர்னு நின்னுபோறது வேற. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுது. ஆள் பேசுவார், வலிக்குதுன்னு சொல்வார். இதயம் நின்னுட்டா ஆள் சில நொடிகளில் சாய்ந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது. மூச்சு இருக்காது, அல்லது விட்டுவிட்டுத் திணறும்.

இந்த நிலையில் யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையுது. எவ்வளவு வேகமா ஓட்டினாலும் ஆம்புலன்ஸ் முதல் நிமிடத்தில் வந்து சேராது. பக்கத்தில் நிற்கிறவர்தான் அந்த நிமிடத்துக்கு மருத்துவர்.

3/
1960 வரைக்கும் நின்ற இதயத்தை மீட்க எங்களிடம் இருந்த முக்கிய வழி, கத்தியால் நெஞ்சைத் திறந்து, கையை உள்ளே விட்டு இதயத்தைப் பிசைவது. அறுவை அரங்குக்குள் இதயம் நின்றால் தப்பிக்க ஒரு வாய்ப்பு. தெருவில் நின்றால் அவ்வளவுதான்.

4/
இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டரே இல்லை. வில்லியம் கூவன்ஹோவன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பேராசிரியர். கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் மின் நிறுவனங்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டது. மின்சாரத்தால் நின்ற இதயத்தை மின்சாரத்தாலேயே ஓட வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

1958-ல் அவருடைய குழுவில் இருந்த நிக்கர்பாக்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஷாக் கொடுக்கும் கனமான தகடுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்தும்போதே, கரண்ட் பாய்வதற்கு முன்னாடியே, ரத்த அழுத்தம் லேசா ஏறியது. வெளியிலிருந்து அழுத்தினாலே ரத்தம் ஓடுது!

5/
அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் இவர்களோடு சேர்ந்தார். 1960 ஜூலையில் மூவரும் எழுதிய கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 20 நோயாளிகள். அதில் 14 பேர் பிழைத்தார்கள்.

இதை யாரும், எங்கும் செய்யலாம், ரெண்டு கை இருந்தால் போதும் என்ற கருத்தை அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் எழுதிவிட்டார்கள். இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

6/
அதே காலத்தில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் என்ற ரெண்டு மயக்கவியல் மருத்துவர்கள், வாயோடு வாய் வைத்து ஊதும் காற்றே ஒருவரை உயிரோடு வைத்திருக்கப் போதும் என்று நிரூபித்தார்கள். சஃபார் ஒரு படி மேலே போனார். மருத்துவப் பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களை வைத்தே ஊதச் செய்து காட்டினார்.

பழகுவதற்கு ஒரு உடம்பு வேணுமே? நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் அதற்கு முன்வந்தார். தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனை ஒருமுறை அவரே காப்பாற்றியிருந்தார். 1960-ல் அவர் செய்த 'ஆன்' என்ற பொம்மைதான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் படுத்திருக்கிறாள்.

7/
இப்போ சங்கடமான பகுதி.

யாரும் செய்யலாம்னு 1960-லேயே எழுதியாச்சு. ஆனா 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் கூட்டிய மாநாடு, டாக்டர், நர்ஸ் போன்ற தொழில்முறை ஆட்களுக்குத்தான் பயிற்சியைப் பரிந்துரைத்தது. பொதுமக்கள் செய்தால் விலா எலும்பு உடையும், கல்லீரல் கிழியும் என்ற பயம்.

பயம் முழுக்கப் பொய்யில்லை. எலும்பு உடையத்தான் செய்யும், நாங்க அழுத்தினாலும் உடையும். ஆனால் இதயம் நின்ற மனிதருக்கு உடையாத எலும்பால் என்ன பயன்? பொதுமக்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று அடுத்த மாநாடு சொல்வதற்குள் 1973 வந்துவிட்டது.

8/
சியாட்டில் நகரம் அதுவரை காத்திருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்திலேயே டாக்டர் லெனர்ட் காப், தீயணைப்புத் துறையோடு சேர்ந்து சாதாரண மக்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். இதயம் நின்றவர்கள் அதிகம் பிழைக்கும் ஊர் என்ற பெயர் சியாட்டிலுக்கு வந்தது.

சரி, இதையே எல்லா ஊரிலும் செய்தால் முடிஞ்சுதே? இல்லை. விருப்பப்பட்டவங்க வரலாம்னு வகுப்பு வெச்சா யார் வருவாங்க? நேரமும் காசும் இருக்கிறவங்க.

9/
2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. வசதியான வெள்ளையர் பகுதியில் ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் சிபிஆர் செய்யும் வாய்ப்போடு ஒப்பிட்டால், ஏழைக் கறுப்பினத்தவர் பகுதியில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான்.

விழுகிற தெருவைப் பொறுத்து உயிருக்கு விலை மாறுது. அப்போ பணக்காரர், ஏழை, கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் கடந்து போகும் ஒரே வாசல் எது? பள்ளிக்கூட வாசல்.

10/
யோசனை புதுசு இல்லை. நார்வேயில் 1961-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு வாயோடு வாய் ஊதும் முறையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தாச்சு. அமெரிக்காவில் முட்டுக்கட்டையா இருந்தது பயிற்சிக்கு ஆகும் நேரம்.

2008-ல் அது குறைந்தது. பெரியவர் ஒருவர் திடீர்னு சாய்ந்தால், பயிற்சி இல்லாதவர்கள் ஊதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தினாலே போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது. அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரு பீரியடுக்குள் முடியும்!

11/
அதே 2008-ல் அயோவா மாநிலம், 12-ம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு மாணவரும் சிபிஆர் பயிற்சி பெறவேண்டும் என்று சட்டம் போட்டது. 2011-ல் இதயச் சங்கம், பள்ளி முடிப்பதற்கான நிபந்தனையாகவே இதைச் சேருங்கள் என்று எல்லா மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது.

வர்ஜீனியாவில் 2012-ல் 12 வயதுச் சிறுமி பள்ளியில் இதயம் நின்று விழுந்தாள். பிழைக்கவில்லை. அவளுடைய பெற்றோர் ஓய்ந்துவிடவில்லை. மறு வருடமே அவள் பெயரால் 'க்வினெத் சட்டம்' வந்தது. சிபிஆர் பழகாமல் அங்கே பள்ளிச் சான்றிதழ் இல்லை.

12/
எதிர்ப்பும் இருந்தது. ஏற்கெனவே பாடச் சுமை, இதுல இது வேறயா? பொம்மைக்கு யார் காசு தருவது? ஆசிரியருக்கு யார் பயிற்சி தருவது? நியாயமான கேள்விகள்தான்.

ஆனா இந்த நிபந்தனையின் அழகைப் பாருங்க. மதிப்பெண் இல்லை, ரேங்க் இல்லை. ஒருத்தனை வடிகட்டி வெளியே தள்ள வந்த பரீட்சை இல்லை இது. யாரையும் விட்டுவிடாமல் உள்ளே சேர்க்க வந்தது.

13/
பலன் உண்டா? டென்மார்க்கைப் பாருங்க. 2005-ல் பள்ளிகளில் கட்டாயம், அடுத்து ஓட்டுநர் உரிமம் வாங்குவோருக்கும் கட்டாயம். 2001-ல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 21.1 சதவீதம் பேருக்குத்தான் அருகில் இருந்தவர் சிபிஆர் செய்தார். 2010-ல் அது 44.9 சதவீதம். 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5-லிருந்து 10.8 சதவீதமானார்கள்.

எல்லாம் பள்ளிச் சட்டத்தால்தான் என்று சொன்னால் அது பொய். ஆம்புலன்ஸ் சேவையும் சிகிச்சையும் சேர்ந்தே முன்னேறின. சட்டம் வந்து 8 வருடம் கழித்துப் பார்த்தபோதும் டென்மார்க்கின் பெரும்பாலான பள்ளிகளில் பயிற்சி முழுமையாக நடக்கவில்லை. காகிதத்தில் எழுதினால் போதாது, பொம்மை வகுப்பறைக்கு வரணும்.

14/
மொத்தச் சம்பவங்களில் 10-க்கு 7 நடப்பது வீட்டில். அப்படின்னா அந்தப் பிள்ளை காப்பாற்றப் போவது யாரோ முகம் தெரியாதவரை அல்ல. பெரும்பாலும் தன் அப்பாவை, தாத்தாவை.

அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் காட்சி பழக்கம்: ஆட்டோவில் கொண்டு வருவாங்க. எத்தனை நிமிஷம் ஆச்சு, நெஞ்சை யாராவது அழுத்தினீங்களான்னு கேட்பேன். பதில் வராது. அவங்க மேல தப்பில்லை. 12 வருடம் பள்ளிக்கூடம் போனவங்கதான். ஒரு பீரியடில்கூட அதைச் சொல்லித்தரல.

15/
இப்போ உங்க முறை. ஒருத்தர் திடீர்னு விழுந்தா:

கூப்பிட்டுப் பாருங்க. அசைவும் சரியான மூச்சும் இல்லைன்னா 108-க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைங்க.

மார்பின் நடுவில் ஒரு கை, அதன்மேல் மறு கை. முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்க. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசா மேலே எழும்ப விடுங்க. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. உதவி வரும் வரை நிறுத்தாதீங்க. கை ஓய்ந்தால் ஆளை மாத்துங்க.

16/
ரெண்டு கை போதும்னு 1960-லேயே எழுதிவைத்தும், அதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்க அமெரிக்காவுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. நாமும் அவ்வளவு நாள் காத்திருக்கணுமா?

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்டு முடிச்சதும், இதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

முழுசா வாசிச்சவங்க வீட்டுல இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுங்க.