வராத பெண்களின் கணக்கு

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, திருகோணமலையிலிருந்து நேர்வழியாக அங்கு செல்வோர் துறையடியில் பாதைக்காகக் காத்திருந்தே தீரவேண்டும். செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் அந்தப் பாதையில் என்னுடன் கடல் கடந்தவர்களுள் குடும்பநல மருத்துவமாதுகளும் இருந்தனர். கையில் ஒரு பை; பைக்குள் தடித்ததொரு பதிவேடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. வீடு தேடிச் செல்லும் மருத்துவமாது அந்த ஏற்பாட்டின் அச்சாணியாக அமைந்தாள். 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்த நாடு இது. இன்று அத்தொகை சில பத்துக்களாகச் சுருங்கியிருப்பதில் அவளது பங்கு பெரிது. எனினும் அந்த வெற்றிக்குள் ஒரு குறையும் மறைந்திருந்தது. பெண்ணின் உடல் கருவைச் சுமக்கும் காலத்தில் மட்டுமே அரசாங்கத்தின் கண்ணுக்குப் பட்டது. கடைசிப் பிள்ளையைப் பெற்றவளின் பக்கம் அத்துடன் மூடப்பட்டது. பால்வினை நோயோ, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோ அவளை அதன் பின்னர் பீடித்தால் அதனை விசாரிக்க எவருமில்லை.

1994இல் கெய்ரோவில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் சனத்தொகை மாநாடு, பெண்ணின் இனப்பெருக்க நலம் பிள்ளைப்பேற்றுடன் முடிவதன்று என உரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1996இல் இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. 35 வயதை எட்டிய பெண்களை அழைத்து இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம் ஆகியவற்றைச் சோதித்து, கருப்பைக் கழுத்துக்கான பெப் பரிசோதனையும் செய்வது அவற்றின் பணி. பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரிகள் அதில் முக்கிய இடம் வகிக்கின்றனர்.

கிண்ணியா போன்ற முஸ்லிம் ஊரில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. தாயிடமும் கணவனிடமும் வாய்திறவாத வெள்ளைபடுதலையும், உறவின்போதான வலியையும், இரத்தக்கசிவையும் ஒரு பெண் யாரிடம் சொல்வாள்? திரை போட்ட அறையில், தன் மொழி பேசும் இன்னொரு பெண்ணிடம் மட்டுமே. ஆண் வைத்தியரின் முன் அமர்வதைவிட நோயுடன் இருப்பதே மேல் என எண்ணுவோர் இருக்குமிடத்தில், தாதி வைத்தியருக்குப் பதிலாக வந்தவள் அல்லள்; அவளே வாசல்.

ஆனால் தாதியை நம்பி இத்தகைய பொறுப்பை ஒப்படைக்கலாமா என்ற ஐயத்திற்கு விடை வேண்டுமல்லவா? அந்த விடை தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் அங்கு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையான 49,311 பெண்கள் ஒரு பிரிவாகவும், 30,958 பேர் ஒப்பீட்டுப் பிரிவாகவும் வகுக்கப்பட்டனர். அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ சுகாதார நிலையமும் அடையாறு புற்றுநோய் நிலையமும் அதில் பங்கேற்றன. பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக் அமிலத்தைத் தடவி, கருப்பைக் கழுத்தில் வெண்திட்டுத் தோன்றுகிறதா என்று கண்ணால் பார்த்தனர். தேவைப்பட்டோருக்கு உறைகுளிர்ச் சிகிச்சையையும் அவர்களே அளித்தனர். 2007இல் முடிவுகள் வெளியாகின. முதற்பிரிவில் புற்றுநோய் 25 சதவீதமும், அதனாலான மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுப் பிரிவினர் சோதனையின்றி விடப்பட்டமை பின்னாளில் கண்டனத்துக்கு உள்ளானது, அக்கண்டனம் நியாயமானதே.

அந்த ஆய்வில் என் மனதைத் தொட்ட எண் வேறொன்று. அழைக்கப்பட்ட 49,311 பேரில் சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. ஆய்வாளர்கள் அவர்களை ஒதுக்கிவிடவில்லை. வராதவர்களையும் சேர்த்தே 35 சதவீதம் என்ற கணக்கைப் போட்டனர். வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் பெருமை கூடியிருக்கும், உண்மை குறைந்திருக்கும்.

பத்திரிகையாளராக நான் செய்தது அந்தக் குறைந்த உண்மையைத்தான். 'கிளினிக்கில் இத்தனை பெண்கள் பயனடைந்தனர்' என்று எத்தனை செய்திகளை எழுதியிருப்பேன்! யார் வரவில்லை, ஏன் வரவில்லை, பரிசோதனையின் முடிவு அவள் கைக்குக் கிடைத்ததா, அதன் பின்னர் ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்ற கேள்விகளை எழுப்பியதில்லை. 2004 டிசம்பர் சுனாமி கிண்ணியா ஆஸ்பத்திரியைச் சிதைத்தபோது இடிந்த சுவர்களைப் பற்றி எழுதினோம். இடையில் அறுந்துபோன சிகிச்சைகளைப் பற்றி எழுதவில்லை.

ஒரு தாதியின் சேவையை மதிப்பிடும் அளவுகோல் அந்தக் கேள்விகளே. அவற்றுக்கு விடை தேட வெளிநாட்டு நிபுணர்கள் வரவேண்டியதில்லை. தன் பிரிவில் எந்த வீட்டில் எத்தனை வயதுப் பெண் இருக்கிறாள் என்பதை மருத்துவமாது அறிவாள். வந்தவளின் பெயரைக் கிளினிக் ஏடு சொல்லும். வராதவளின் பெயரை அவளுடைய பதிவேடே சொல்லும்.

துறையடியில் நான் கேட்கத் தவறிய பதிவேடு அதுதான். இன்று பாலத்தின் மீது சில நிமிடங்களில் கிண்ணியாவை அடைந்துவிடுகிறோம். ஆயினும் தன் வீட்டு வாசலிலிருந்து கிளினிக் கதவுவரை ஒரு பெண் கடக்கவேண்டிய தூரத்தை எந்தப் பாலமும் குறைப்பதில்லை. அதை அவளுடன் நடந்து கடப்பவள் அந்த மருத்துவமாதுதான்.